குருவி வாசல்

குதிரைக்குக் கொசுவலை தைத்துக் கொடுத்தவர் ஜொகூர் மாநிலத்திலேயே என் அம்மா ஒருவராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டில் படுக்கிற மூன்று பேருக்கும் கொசுவலை கிடையாது. கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைப்போம். அது தன் இஷ்டத்துக்கு அணைந்துபோகும். அதற்குப் பிறகு சொறிந்துகொண்டே தூங்க வேண்டியதுதான். ஆனால் அப்பா பார்த்துக்கொண்ட குதிரைக்கு மட்டும், கடையில் இருந்ததிலேயே கண் சிறுத்த வலையாகப் பொறுக்கி வாங்கி வந்தார்கள். அம்மா அதை அளவு பார்த்து வெட்டி, ஓரம் மடித்துத் தையல் மிஷினில் அடித்தார். "கட்டிக்கிட்டு வந்தவளுக்கு இத்தன வருஷத்துல ஒரு நல்ல கவுனு கெடையாது, குருதைக்கு வந்துருச்சு பாரு" என்று மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

அப்பா சைஸ் வேலை பார்த்தார். குதிரையைக் குளிப்பாட்டித் தேய்ப்பது, தீனி வைப்பது, லத்தி அள்ளுவது, வெயிலில் காலாற நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் சைஸின் வேலை. தம்போய் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்த ஒரு குதிரை லாயத்தில் எங்களுக்கு இரண்டு அறை உள்ள குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். சனி ஞாயிறுகளில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கார்களில் வந்து இறங்கிக் குதிரையேற்றம் பழகிவிட்டுப் போவார்கள். மற்ற ஐந்து நாளும் அந்த இடம் எங்களுடையது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பார்த்துக்கொண்ட அந்தக் குதிரை முன்பு பந்தயத்தில் ஓடியது. காகிதத்தில் அதற்கு முழ நீளத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அப்பா அதை ராசாத்தி என்று கூப்பிட்டார். பந்தயத் திடலிலும் அப்பாதான் அதற்கு சைஸ். கால் தளர்ந்து ஓட்டத்திலிருந்து நிறுத்தியபோது, பிள்ளைகள் பழகச் சாதுவான குதிரை வேண்டும் என்று எங்கள் முதலாளி அதை வாங்கினார். வாங்கின பிறகுதான் தெரிந்தது, அது அப்பாவிடம் மட்டுமே சாது என்று. வேறு யார் சேணம் போடப் போனாலும் பின்னங்கால் பேசும். வேறு வழியில்லாமல் முதலாளி அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டார். குதிரை வாங்கினால் சைஸ் இலவசம் என்று அம்மா கேலி செய்வார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். ராசாத்தி இருக்கும் வரைக்கும்தான் அப்பாவுக்கு அங்கே வேலை, வேலை இருக்கும் வரைக்கும்தான் எங்களுக்கு அந்த இரண்டு அறை. இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதிலேயே அது இருந்தது. நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு அது புரியாமல் போகாது.

ராசாத்திக்கு ஒரு வியாதி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி ஒன்று உண்டு. அகாஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்வதையே நாங்களும் சொல்வோம். பொழுது சாயும்போதும் விடியும்போதும் புகை மாதிரி வரும். மற்ற குதிரைகளை அது கடித்தால் வாலை வீசிவிட்டு நிற்கும். ராசாத்திக்கு மட்டும் அதன் கடி ஆகாது. அரிப்பு தாங்காமல் பிடரியையும் வாலையும் சுவரில் கிடைத்த இடத்திலெல்லாம் உரசும். மயிர் கொட்டி, தோல் கிழிந்து, இரத்தம் வரும் வரைக்கும் உரசும். அந்தப் புண்ணில் ஈ உட்காரும். அப்பா தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து நாள் தவறாமல் பூசினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு நிற்கும்போதுகூட அவர் மேல் வேப்பெண்ணெய் வாசம் வரும். முன் வரிசை அக்காமார்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு மானம் போகும்.

எண்ணெய்க்கும் அடங்காமல் போனபோதுதான் அந்த வலை வந்தது. லாயத்தில் குதிரைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறைகள். பொக்ஸ் என்று சொல்வோம். ராசாத்தியின் பொக்ஸில் அரைக்கதவுக்கு மேலே திறந்திருந்த இடம் முழுக்க வலையை அடித்து, மூலையில் ஒரு பழைய காற்றாடியையும் ஓட விட்டார் அப்பா. அகாஸுக்குக் காற்றில் பறக்கத் தெம்பு கிடையாதாம். ஒரே மாதத்தில் ராசாத்தியின் பிடரியில் புது மயிர் தலைகாட்டியது. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைக் காட்டுவது போல அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்தப் பொக்ஸின் உத்தரத்தில் வலைக்கு முன்பே ஒரு குருவி ஜோடி குடியிருந்தது.

ஆண்டுக் கடைசியில் வடக்கேயிருந்து வந்து டவுன் கம்பிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து, கீழே நிறுத்தின கார்களையெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போகிற கூட்டம் வேறு. இவை இங்கேயே பிறந்து இங்கேயே கூடு கட்டுகிற இனம். முதுகு கருநீலம், நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். ஈர மண்ணை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து ஒட்டிக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டியிருந்தன. பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அதற்குத் தகைவிலான் என்று பெயர் போட்டிருந்தது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா? அதுங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். லாயத்தில் ஈயோடும் கொசுவோடும் மல்லுக்கட்டுவதே பாதி வேலை. ஒரு நாளைக்கு இரண்டு முறை லத்தியை அள்ளித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் தூரத்துக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவ வேண்டும். தண்ணீர் வாளிகளில் கொசுப்புழு நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பது என் வேலை. ஓட்ஸ் பீப்பாய்க்கு மூடி போட்டு, எலிக்குப் பயந்து மூடியின் மேல் கல்லும் வைக்க வேண்டும். ஈ ஒட்டுகிற மஞ்சள் தாள்களை முதலாளி ஒருமுறை கட்டுக்கட்டாக வாங்கிவந்து எல்லா இடத்திலும் தொங்கவிட்டார். அதில் ஈயோடு ஒரு குருவியும் ஒட்டிக்கொண்டது. அப்பா சமையல் எண்ணெய் தொட்டு, இறகு இறகாகப் பிரித்து, அரைமணி நேரம் பாடுபட்டு அதை எடுத்துவிட்டார். மறுநாள் ஒரு தாளும் இல்லை. கேட்டதற்கு, காற்றில் பறந்துவிட்டது என்றார்.

சேணத்தின் மேல் எச்சம் விழுகிறது, கூட்டைத் தட்டிவிடு என்று முதலாளி ஒருநாள் சொன்னார். அவர் சீனர். அப்பாவும் அவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள்.

"சம்பளம் வாங்காத ரெண்டு ஆளுங்க, போஸ். விடிஞ்சதுலேர்ந்து ஈ புடிக்குதுங்க. லீவு கேக்குறதில்ல, இபிஎஃப்கூட கட்ட வேணாம்" என்றார் அப்பா.

முதலாளி சிரித்துவிட்டார். எச்சம் கீழே விழாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அப்பா அன்றே கூட்டுக்குக் கீழே ஒரு பலகையை அடித்தார்.

வலை வந்த பிறகு குருவிகள் உள்ளே போக வழி வேண்டுமே. அதற்காக வலையின் இடது மூலையில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தனியாக ஓர் இதழ் போல விட்டிருந்தார்கள். பகலில் அதைச் சுருட்டி என் பழைய பள்ளிச் சப்பாத்தின் நாடாவால் கட்டி வைப்போம். அதற்குக் குருவி வாசல் என்று பெயர். வெயில் இருக்கும் வரை அகாஸ் வராது என்பதால் பகலில் அது திறந்திருந்தால் பாதகமில்லை. பொழுது சாயும் நேரத்தில் இரண்டு குருவியும் கூட்டுக்கு வந்துவிடும். வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, இதழை இறக்கி மூன்று ஆணிகளில் மாட்ட வேண்டும். மறுநாள் வெயில் வந்ததும் திறக்க வேண்டும். சாயங்காலம் அப்பாவுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆகவே எண்ணுவதும் மாட்டுவதும் என் பொறுப்பு. தினமும் எதிர்ப்பக்கமிருந்து "ரெண்டும் வந்துருச்சா பாப்பா?" என்று அப்பா குரல் கொடுப்பார். "வந்துருச்சுப்பா, மாட்டிட்டேன்" என்று நான் பதில் குரல் கொடுப்பேன். எனக்கு அது பெரிய உத்தியோகம். இரண்டு வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும் என்பது அந்த உத்தியோகத்தின் விசேஷம்.

சம்பவம் நடந்த அன்று கூட்டில் நான்கு குஞ்சுகள். இறக்கை முளைத்து, கூடு கொள்ளாமல் பிதுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் பறந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். மத்தியானம் பெரிய மழை கொட்டி ஓய்ந்திருந்தது. அன்று பார்த்து ஒரு மட்டக்குதிரைக்கு வயிற்றுவலி. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் படுக்க விடக்கூடாது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். அப்பா அதைக் கயிற்றில் பிடித்து, பொக்ஸ்களின் முன்னாலிருந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. ஒரு குருவி வந்தது. மற்றது வரவில்லை.

நான் காத்திருந்தேன். செம்பனை மரங்களுக்கு மேலே வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. வந்த குருவி கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மட்டக்குதிரையோடு அப்பா என்னைக் கடந்து போனார். இன்னொரு சுற்று வந்தார். என் கையில் முதல் அகாஸ் கடித்தது.

"ரெண்டும் வந்துருச்சா?" என்று முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பா கேட்டார்.

வரவில்லை என்றால் வலையை இறக்கச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். இறக்கிவிட்டால் அது ராத்திரி முழுக்க வெளியில் கிடக்கும்; மழை வரும்; விடிந்து பார்த்தால் செத்துக் கிடக்கும்; நான்கு குஞ்சுகளுக்கு ஒற்றையாளாக ஒரு குருவி எப்படித் தீனி கொண்டுவரும்? இவ்வளவையும் பத்து வயது மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கில் ராசாத்தியைச் சேர்க்க மட்டும் மறந்துவிட்டது.

"வந்துருச்சுப்பா!"

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்!"

இதழை இறக்கவில்லை. ஒரு கால்மணி நேரம் பொறுத்துவந்து மாட்டிவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். அம்மா நெத்திலிச் சம்பாலும் சோறும் போட்டார். சாப்பிட்டேன். கூரைத் தகரத்தில் மறுபடியும் மழை இறங்கியது. மழைச் சத்தத்தில் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டேன்.

காலையில் பள்ளிச் சீருடையோடு ஓடிப் பார்த்தபோது அப்பா ராசாத்தியின் பொக்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தார். குருவி வாசல் நான் விட்டுவந்தபடியே திறந்து கிடந்தது. ராசாத்தியின் பிடரியில் அந்தப் புது மயிர் இல்லை. கழுத்தெல்லாம் சிவப்பு. ராத்திரி முழுக்க உரசியிருக்கிறது. சுவரும் போதாமல் கதவின் தாழ்ப்பாளில் முகத்தை உரசியிருக்கிறது. இடது கண் மூடி, வீங்கி, தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே என் தலைக்கு மேலே விர்ரென்று ஏதோ போனது. இரண்டாவது குருவிதான். எங்கே ராத்தங்கியதோ, வாய் நிறையப் பூச்சியோடு வந்து ஜோராகக் குஞ்சுகளுக்கு ஊட்டியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வலை மூடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மட்டக்குதிரையைப் பார்க்க முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார். அது வலி தீர்ந்து தெம்பாகப் புல் தின்றுகொண்டிருந்தது. சந்தோஷமாகத் திரும்பினவர் ராசாத்தியைப் பார்த்து "அலமாக்" என்று நின்றுவிட்டார்.

"ராத்திரி வலையை மூட வேண்டியது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் பார்க்கணும், போஸ். மறந்துட்டேன்" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு உள்ளங்கையால் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளிப் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டில் பள்ளி வேன் ஹார்ன் அடித்தது. நான் ஓடினேன். வேனில் உட்கார்ந்த பிறகும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயத்தை விட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அப்பா எனக்காகப் பொய் சொல்லிவிட்டார். நான் தப்பித்துவிட்டேன்.

குதிரை டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது, மருந்து போட்டால் ஆறலாம், ஆனால் ஈ அண்டவே கூடாது என்றார். கண்ணுக்கு ஒரு மூடி கட்டிப் பார்த்தார்கள். ராசாத்தி ஐந்தே நிமிடத்தில் உரசிக் கழற்றிப் போட்டது. ஆகவே அப்பா ஒரு முக்காலியைக் கொண்டுபோய் அதன் தலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டு. குஞ்சுகளுக்காகப் பகலில் திறந்திருந்த குருவி வாசல் வழியாக ஈ வர வர வீசினார். விடிந்தால் உட்காருவார், ஈ அடங்கி இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். மற்ற வேலைகளை அதற்கு நடுவில் ஓடி ஓடிச் செய்தார். அம்மா சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைப்பார். பாதி நாள் அது வைத்தபடியே திரும்பி வரும். ஒன்பது நாள் இப்படி.

ஒருநாள் அம்மா கோயிலிலிருந்து சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து, அப்பாவிடம் சொல்லாமல் ராசாத்தியின் நெற்றியில் தெளித்தார். "மாதாவே, இந்த வாயில்லா சீவனப் பாரும்மா" என்று சொன்னார். குதிரைக்குக் கவுனு என்று கேலி செய்த அதே அம்மாதான்.

அந்த நாட்களில்தான் குஞ்சுகள் பறந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டின் விளிம்பில் வந்து நின்று, தயங்கித் தயங்கி, திடீரென்று வாசல் வழியாக வெளியே போயின. மற்ற ஆண்டுகளில் என்றால் அப்பா எங்களைக் கூப்பிட்டுக் காட்டி அமர்க்களம் செய்திருப்பார். அன்று அவர் நிமிர்ந்து பார்த்ததாகவே தெரியவில்லை. அவர் துண்டால் விரட்டிய ஈக்களை அவர் தலைக்கு மேலேயே அந்தக் குருவிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் அப்பாவின் கண்ணில் படாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்ததும் முற்றத்து வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் போய்விடுவேன். அவர் யாரோடும் பேசவில்லை. அந்த மௌனம் என் மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். முதலாளி முன்னால் என்னைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் எனக்கான தண்டனையை எங்கேயோ மடித்து வைத்திருக்கிறார், ஒருநாள் எடுப்பார் என்று நினைத்தேன்.

கண் ஆறவில்லை. உள்ளே சீழ் பிடித்துவிட்டது. டாக்டரும் முதலாளியும் ரொம்ப நேரம் தள்ளி நின்று பேசினார்கள். வயதான குதிரை, இனி பிள்ளைகளை ஏற்ற முடியாது, ஆபரேஷன் செய்தாலும் இந்த அரிப்போடு அது படுகிற பாடு தீராது என்று சொன்னார்களாம். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை என்று அம்மா சொன்னார். பத்தாவது நாள், வலியில்லாமல் உயிர் போக ராசாத்திக்கு ஊசி போட்டார்கள். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் நிற்காது என்பதால் அப்பாவே பிடித்துக்கொண்டார். நான் பள்ளியில் இருந்தேன். அன்றைக்கு எங்களுக்குச் சித்திரப் பாடம். எனக்கு அழுகை வந்தது. ஆசிரியை வயிற்றுவலியா என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் குவாட்டர்ஸைக் காலி செய்தோம். மாசாயில் அம்மாவின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அப்பா பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியானார். அதற்குப் பிறகு அவர் குதிரைப் பக்கமே போகவில்லை. டிவியில் குதிரை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

அப்பா எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்ற நினைப்போடுதான் நான் வளர்ந்தேன். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல், சொல்லாமல் கொள்ளாமல் நல்ல பிள்ளையாகிவிட்டேன். நன்றாகப் படித்தேன். பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போனேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சப்பாத்து வாங்கினேன். அவருக்குச் சர்க்கரை முற்றியபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். என்றைக்காவது அவரிடம் அன்று சாயங்காலம் ஒரு குருவிதான் வந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தெரியும் பாப்பா என்று சிரிப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. போன ஆண்டு அப்பா இறந்துவிட்டார்.

அவருடைய முதலாம் ஆண்டுப் பூசைக்கு முதல் நாள் அம்மாவும் நானும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கம்பியில் இரண்டு குருவிகள் உட்கார்ந்திருந்தன. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, ஏதோ நேற்று நடந்ததைப் போலச் சொன்னார்.

"சாகுற வரைக்கும் அந்தக் குருதையத்தான் சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. அன்னைக்கு நீ அந்த மூலைய மாட்டாம வந்துட்டல்ல? அவரு பார்த்தாராம்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "எதப் பார்த்தாரு?"

"அந்த மட்டக்குருதையப் புடிச்சிக்கிட்டு நடக்குறப்ப பார்த்தாராம். ஒரு குருவிதான் உள்ள இருந்துச்சாம். நீ ரெண்டுனு சொன்னியாம். புள்ள குருவிக்குப் பாவம் பார்க்குது, கெடக்கட்டும், அது வந்ததும் நாமளே மாட்டிக்கலாம்னு நெனைச்சாராம். அவருக்கும் அதுங்க மேல உசுருல்ல? அப்புறம் அந்த மட்டக்குருதைக்கு வயித்துவலி ஜாஸ்தியாயிருச்சு, டாக்டரு வந்தாரு, அலைஞ்சதுல இத மறந்தே போயிட்டாரு. வந்து படுத்துட்டாரு. நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன்னு எங்கிட்ட எத்தன நாளு அழுதாரு தெரியுமா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன். நீதான் அங்க நின்னியே, அவரு போஸ்கிட்ட சொன்னாரே, மறந்துட்டேன்னு."

ஆமாம், சொன்னார். என் முன்னாலேதான் சொன்னார். அதைப் பொய் என்று முடிவு செய்தது நான். எனக்காகச் சொன்ன பொய் என்று இருபது வருஷத்துக்கு மேல் அதை நெஞ்சில் வைத்துப் பூசை பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த முக்காலியில் அவர் ஒன்பது நாள் சுமந்தது என் பழியை இல்லை, அவருடையதை. பெரியவர்களுக்கும் நாம் செய்துவிட்டோமே என்று நெஞ்சு வேகும் என்பதும், பக்கத்தில் யாராவது வந்து உட்காரமாட்டார்களா என்று இருக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. என் அப்பா அழுவார் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த ஒன்பது நாளில் நடந்த ஒன்றை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, பள்ளி வேன் என்னை இறக்கிவிட்டுப் போனது. வழக்கம்போல் பின்பக்கமாகச் சுற்றிப் போகப் பார்த்தேன். அன்று அங்கே மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால் முற்றத்தின் ஓரமாகப் போக வேண்டியதாயிற்று. அப்பா பார்த்துவிட்டார். முகத்தில் நான்கைந்து நாள் தாடி. துண்டை வீசிக்கொண்டே, மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வாம்மா. அப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரேன்."

"ஹோம்வர்க் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் மறுபடியும் கூப்பிடுகிறாரா என்று காதை வைத்துக் கேட்டேன். கூப்பிடவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.